மழை வரும் போல இருந்தால்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனவே முதலாளி என்னை எழுதச் சொன்னதும் பயந்துபோனேன். இது பெரிய சேதியில்லை. மரக்காணம் உப்பளத்தில் சூப்பர்வைசர் வேலை. மேகம் தெரிந்தாலும் எனக்குப் பயம், தெரியாவிட்டால் எங்கே போய்த் தொலைந்தது என்று பயம்.

முதலாளி பாண்டியில் இருக்கிறார். தானாக முடிவெடுத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை அளத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். வானிலை பார்க்க, கேமராவில் அளத்தைப் பார்க்க, ஆட்களுக்குப் போன் போட என்று அதற்குச் சில கருவிகள். ஒவ்வொன்றும் என்ன செய்யும், எப்போது பயன்படுத்த வேண்டும் என்று நாம் எழுதி வைக்க வேண்டும். அதைப் படித்துத்தான் அது எதைத் தொடுவதென்று தீர்மானிக்கும்.

அதை அமைத்துக் கொடுத்தது ஆரோவில்லில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண்; பக்கத்தில் இடையஞ்சாவடி கிராமத்துக்காரி.

"அண்ணே, அதுக்கு உப்பும் தெரியாது, உங்களையும் தெரியாது. நீங்க எழுதி வெச்சதுதான் தெரியும். புதுசா வந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க."

"புது ஆளு தப்பு பண்ணா கத்தலாம். இதுகிட்ட எப்படிம்மா கத்துறது?"

"எழுதுங்கண்ணே."

போன் போடும் கருவிக்கு எழுதினேன்: 'மழை வரும் போல இருந்தால் ஆட்களைக் கூப்பிட்டு உப்பை மூடும்.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை.

எங்கள் அளத்தில் வேலை செய்யும் பெண்கள் விடியுமுன் வந்து உப்பு வாரிக் குவித்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் மத்தியானம் எல்லாருக்கும் போன் போனது. குடையோடு ஓடி வந்தார்கள். வானத்தில் துண்டு அகலத்துக்கு ஒரு மேகம் இருந்தது. அண்ணாந்து பார்த்துவிட்டு, தார்ப்பாயைத் தொடாமலே திரும்பிப் போனார்கள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் மேகம் இன்னும் சின்னது.

"ஏம்பா, உன் மெஷினுக்கு ஒடம்பு சரியில்லையா? ஒலையில அரிசி போட்டா போன் அடிக்குது" என்றார் அவர்களில் மூத்தவர்.

"மேகம் இருந்துச்சில்ல..."

"அதுவா மேகம்? என் முந்தானை அதைவிடப் பெருசா இருக்குது. இன்னொரு வாட்டி சும்மா கூப்ட்டா எல்லாரும் பக்கத்து அளத்துக்குப் போயிடுவோம். சொல்லிட்டேன்."

விளையாட்டுப் பேச்சில்லை. பக்கத்து அளத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சீசன் நடுவில் இவர்கள் போனால் உப்பு பாத்தியிலேயே கிடக்கும், நான் கரையில் கிடப்பேன்.

அன்று சாயங்காலம் முதலாளி போனில் வந்தார். "வெரிகுட்! மூணு நாளும் உப்பை மூடிட்டீங்களாமே."

"மூடலீங்களே."

"மூடியாச்சுன்னு ஏஜென்ட் சொல்லுதேப்பா."

அந்தக் கம்ப்யூட்டர் பெண்ணை வரச் சொன்னேன். நான் எழுதியதைப் படித்துப் பார்த்தாள்.

"அண்ணே, போன் போடற கருவி உப்பை மூடுமா?"

"ஆளுங்க மூடுவாங்க."

"நீங்க 'மூடும்'னு எழுதியிருக்கீங்க. போன் போயிடுச்சா, மூடியாச்சுன்னு அது நெனைச்சுக்குது. சரி, 'போல'ன்னா எவ்ளோ?"

யோசித்தேன். "எனக்கு எப்பவுமே போலத்தாம்மா."

உட்கார்ந்து திருத்தினோம். 'ஆட்களுக்குப் போன் போட்டு, உப்பை மூட வரச் சொல்லும். உப்பை மூடாது. மூடியாயிற்றா என்று சூப்பர்வைசரிடம் கேட்கவும். ஒரு மணி நேரத்துக்குள் மழை என்று வானிலைத் தகவல் சொன்னால் மட்டும் பயன்படுத்தவும். வெறும் மேகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.' கடைசி வரிக்குத்தான் நேரம் பிடித்தது. 'ஆனாலும் கறுப்பு மேகமாக இருந்தால்' என்று சேர்த்தேன். அழித்தாள். 'ஆனாலும் காற்று அடித்தால்' என்றேன்.

"அண்ணே, 'ஆனாலும்' வேணாம்."

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் வானூர் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. போன் பேசாமல் கிடந்தது. ஏஜென்ட்டைக் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் மழை இல்லை என்றது. மறுபடி கேட்டேன். அதே பதில், அதே மரியாதையோடு. பொறுக்காமல் மூத்தவருக்கு நானே போன் போட்டேன்.

"மெஷினு கூப்ட சொல்லுச்சா?"

"இல்லக்கா, நான்தான்..."

"அது கூப்ட்டா வர்றோம். நீ போய்ப் படு." வைத்துவிட்டார்.

தார்ப்பாயை நான் ஒருவனே இழுத்துக் குவியலில் பாதி மூடுவதற்குள் மேகம் வடக்கே போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் விடியுமுன் வந்தவர்கள் டார்ச் அடித்துத் தார்ப்பாயைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு உப்பு வாரப் பாத்தியில் இறங்கினார்கள். எண்ணிப் பார்த்தேன்: பக்கத்து அளத்துக்கு யாரும் போகவில்லை, எல்லாரும் வந்திருந்தார்கள்.