பக்கத்து சீட்டுக்காரர்

தொண்ணூறுகளின் கடைசியில், கார் வாங்கலாமென்று போன தாம்பரம் ஷோரூம் ஒன்றில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. முந்தைய வருடம்தான் பார்வை போயிருந்தது. அதனால் அவர் மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டு, சின்ன காராக ஒன்று வாங்க அவரையும் அழைத்து வந்திருந்தார்.

ஓட்டிப் பார்க்க எங்களைச் சேர்த்தே அனுப்பினார்கள். அந்த அம்மா ஓட்ட, அவர் பக்கத்து சீட்டில் தலையை லேசாக மனைவி பக்கம் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பின்சீட்டில். விற்பனையாளர் காட்டிய இரண்டு மாடல்களிலும் முடிச்சூர் சாலையில் ஒவ்வொன்றாகப் போய் வந்தோம்.

"முதல் வண்டிதான் சார் மைலேஜ் நல்லா குடுக்கும்," என்றார் விற்பனையாளர். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

"ரெண்டாவதே எடுத்துக்கறோம்," என்றார் அவர்.

"அது பெட்ரோல் குடிக்குமே சார்?" என்று கேட்டேன்.

"முதல் வண்டில கியர் மாத்தறப்பல்லாம் இவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டாவதுல பேசிக்கிட்டே வந்தா. கவனிச்சீங்களா?"

நான் கவனித்திருக்கவில்லை.

விற்பனையாளர் கலர் அட்டையை நீட்டினார். அந்த அம்மா கணவரிடம் திரும்பி, "என்ன கலர் எடுக்கலாங்க?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் நிதானமாக யோசித்தார்.

"மஞ்சள் எடு. நீ வர்றது எதிர்ல வர்றவனுக்குத் தூரத்துலயே தெரியணும்."

அந்த அம்மா தலையாட்டினார். பிறகு சட்டென்று நினைவு வந்தவராக, "சரிங்க," என்று வாய்விட்டும் சொன்னார்.

நான் அன்று எதையும் புக் செய்யவில்லை. எது நல்ல வண்டி என்று உள்ளே வரும்போது இருந்த தெளிவு, வெளியே போகும்போது என்னிடம் இல்லை.