இருசப்பன் தார் பூசாமல் விட்ட இடம்

மரக்காணம் உப்பளப் பக்கம் துருப்பிடிக்காத இரும்பைப் பார்ப்பது அபூர்வம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அது இருசப்பன் கை பட்ட இரும்பாகத்தான் இருக்கும். அங்கே காற்றிலேயே உப்பு. புதுக் கேட்டுக்குப் போட்ட தாழ்ப்பாள் இரண்டு வருஷத்தில் பொருக்குத் தட்டிக் கையோடு வந்துவிடும். அந்தக் காற்றில் இருபத்திரண்டு வருஷமாக, பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களைப் பழுது பார்த்துப் பிழைப்பவர் இருசப்பன். அவர் பூட்டிய எஞ்சினில் எட்டு வருஷம் கழித்தும் ஒரு நட்டு இறுகிப் போயிருக்காது. இரண்டு இரும்பு சேரும் இடம் எதுவானாலும் முதலில் சுரண்டுவார், ரெட் ஆக்சைடு அடிப்பார், அது காய்ந்ததும் காய்ச்சின தாரை மேலே ஒரு கோட்டு அடியில் ஒரு கோட்டு பூசி, அதற்கப்புறம்தான் போல்ட்டை முடுக்குவார். ஊரில் அவருக்குத் தார் இருசப்பன் என்றே பெயர். ஒரு தடவை வீட்டு அரிவாள்மனைக்கும் பூசிவிட்டு, மனைவி அஞ்சம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கெட்டிக்காரர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வேலையில் ஒரு குறை என்று யாராவது வாயெடுத்தால் போதும், அந்த நிமிஷமே அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். எதிரே நிற்பவர் என்ன சொன்னாலும் உள்ளே இறங்காது. இதை அஞ்சம்மாளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

அஞ்சம்மாளுக்கு ஒரே தம்பி, அர்ச்சுனன். அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயசு. உப்பு சுமக்கப் போகிற இடத்துக்கெல்லாம் அவனையும் இழுத்துக்கொண்டு போனவள், கல்யாணமாகி வரும்போதும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வந்தாள். இருசப்பன் முகம் சுளிக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் போலத்தான் வளர்த்தார். பையன் வளர்ந்து ஆரோவில்லில் ஒரு பிரெஞ்சுக்காரக் குடும்பத்துக்கு டிரைவராகப் போனான். அவர்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் எஸ்டேட் இருந்தது. டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் கூரை அப்படியே பின்னால் நீண்டுபோய் ஒரு கதவில் முடியும் நீட்டு வண்டி. 2005இல் அவர்கள் சொந்த ஊருக்கே திரும்பியபோது வண்டியை அர்ச்சுனன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வண்டி கிடைத்தவன் வாடகைக்கு ஓட்டினானா என்றால் இல்லை. ஆரோவில்லிலும் பாண்டிச்சேரியிலும் பழைய கார் பைத்தியங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து, கோடையில் காய்ந்து கிடக்கும் கழுவெளி ஏரிப் படுகையில் ராலி கிராஸ் நடத்தப் போவதாக ஒரு பேச்சு. மண்ணிலேயே ஒரு வட்டப் பாதை, நாலு நாலு வண்டியாகச் சேர்ந்து கிளம்பி நாலு சுற்று. அதில் ஓட்டியே தீருவேன் என்று அர்ச்சுனன் ஒற்றைக் காலில் நின்றான். ஆனால் எஸ்டேட்டின் சொந்த எஞ்சினுக்கு மணலில் அந்த நீட்டு உடம்பை இழுக்கிற தெம்பு இல்லை. பாண்டிச்சேரி காயலான் கடை ஒன்றில் விபத்தில் நசுங்கின கான்டசா கார் ஒன்று கிடந்தது. முன்பக்கம் தப்பித்திருந்தது. அதன் ஆயிரத்து எண்ணூறு சிசி எஞ்சினையும் கியர் பாக்ஸையும் அவிழ்த்து மாமாவின் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அசட்டுச் சிரிப்போடு நின்றான்.

இருசப்பன் திட்டித் தீர்த்தார். பம்பு எஞ்சின் பார்க்கிறவனிடம் காரைக் கொண்டுவந்து போடுகிறாயே என்றார். ஆனால் அன்று சாயந்திரமே டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை விடாமல் கொட்டியதில் உப்பளம் முழுக்க வெள்ளக்காடு. பாத்தி கட்டும் வேலையே பங்குனிக்குத் தள்ளிப்போய்விட்டது. கை சும்மா இருந்தால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மூன்று மாதம் ஆயிற்று. எஞ்சின் உட்காரும் மவுண்டுகளை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைத்தார். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கினார். ரேடியேட்டரை நாலு விரல் முன்னால் தள்ளினார். கார்புரேட்டரில் இருந்து மிதிக்கும் பெடல் வரைக்கும் புதிதாக ஒரு ஆக்சிலேட்டர் கேபிள் இழுத்தார். கடைசியாக, எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கிற ஒரு செம்புப் பட்டை மிச்சம் இருந்தது. அர்ச்சுனன் அதை எர்த்து என்றான். இருசப்பன் வாழ்நாளெல்லாம் பார்த்தவை கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் எஞ்சின்கள். அவற்றில் பேட்டரியும் கிடையாது, வயரும் கிடையாது. பட்டையின் இரண்டு முனையும், அது சேசிஸில் உட்காரும் இடமும் பெயின்ட் இல்லாமல் பளபளவென்று அம்மணமாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படி விட்டால் ஆடிக்குள் துரு தின்றுவிடுமே. வழக்கம்போல மேலே ஒரு கோட்டு, அடியில் ஒரு கோட்டு, அப்புறம் போல்ட்டு.

முதல் நாள் எஞ்சின் கிளம்பியபோது ஷெட்டே அதிர்ந்தது. ஸ்டார்ட்டர் மட்டும் கொஞ்சம் முனகி முனகிச் சுற்றியது. பேட்டரி பழசு என்று முடிவு கட்டிப் புதுசு போட்டார்கள். அதற்கும் முனகியது.

உப்பளச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அர்ச்சுனன், ஆக்சிலேட்டர் மிதித்தால் திரும்பி வர யோசிக்கிறது என்றான். நீ மிதிக்கிற மிதி அப்படி என்றார் இருசப்பன். இன்னொரு நாள் கூனிமேடு வரைக்கும் போய் வந்து, பெடல் பிடிக்கிறது, கேபிள் வேறு சுடுகிற மாதிரி இருக்கிறது என்றான். பெரிய எஞ்சின் சுடாமல் குளிருமா என்று கேட்டுவிட்டுக் கேபிளில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

அடுப்படியில் இருந்து அஞ்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று சோறு போடும்போது அவரிடம் சொன்னாள்.

"ரேஸ் அன்னிக்கு அவன் பக்கத்து சீட்டுல நீயும் உக்காரணும்யா. அப்பத்தான் அனுப்புவேன்."

"நானா? எனக்கு இன்னாத்துக்கு?"

"நீ போட்ட எஞ்சின்தான? உக்காரு."

சரி என்று சோற்றைப் பிசைந்தார். ஆனால் இருசப்பனுக்கு மனசு விட்டுப்போயிற்று. தம்பி போனால் புருஷனும் சேர்ந்து போகட்டும் என்று நினைக்கிறாளா? இருபது வருஷம் குடும்பம் நடத்தி என்ன பிரயோஜனம், அவளுக்குத் தம்பிதான் ஒசத்தி. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

2006 மே மாதம் கடைசி ஞாயிறு. கழுவெளிப் படுகை வெடித்து, மேலே உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. எஸ்டேட்டின் உள்ளே கூண்டு மாதிரி குழாய் வைத்து வெல்டிங் பண்ணியிருந்தார்கள். இருசப்பன் தலைக்கு ஹெல்மெட் சேரவே இல்லை. நெற்றியை இறுக்கிப் பிடித்தது. வரிசையில் நிற்கும்போது வண்டி இரண்டு மூன்று தடவை அணைந்தது. ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டு நெடுநேரம் சுற்றித்தான் கிளம்பியது.

"மாமா, பெடல் பிடிக்குதுன்னு சொன்னேனே…" என்று ஆரம்பித்தான் அர்ச்சுனன்.

"முன்னாடி பாத்து ஓட்டுடா" என்றார் இருசப்பன்.

கொடி விழுந்தது. முதல் சுற்றில் எஸ்டேட் எல்லாருக்கும் கடைசி. இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதையில் அர்ச்சுனன் அழுத்தி மிதித்ததும் பெரிய எஞ்சின் தன் குணத்தைக் காட்டியது. இரண்டு வண்டியை அனாயாசமாகத் தாண்டினார்கள். இருசப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. வளைவு வந்தது. அர்ச்சுனன் காலை எடுத்தான். எஞ்சின் குறையவில்லை. பெடல் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"மாமா, வர மாட்டேங்குது!"

வளைவுக்கு அந்தப் பக்கம் கயிற்றுக்குப் பின்னால் சனங்கள். அந்தச் சனங்களில் அஞ்சம்மாளின் மஞ்சள் புடவை. இருசப்பனின் கை டேஷ்போர்டுக்கு அடியில் எதையோ தேடித் தேடித் துழாவியது. டீசல் எஞ்சினை நிறுத்தும் நெம்புகோலைத்தான் தேடியது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். காரில் அது எங்கே இருக்கும்? அதற்குள் அர்ச்சுனன் சாவியைத் திருகி அணைத்து, ஸ்டியரிங்கைச் சனங்கள் இல்லாத பக்கம் ஒடித்தான். வண்டி பாதையை விட்டு இறங்கியது. அங்கே மேலே மட்டும்தான் காய்ந்த பொருக்கு, அடியில் சேறு. முன்சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து, எஸ்டேட் பெருமூச்சு விட்டதுபோல நின்றது.

இருசப்பன்தான் முதலில் திரும்பினார்.

"டேய், கை கால் எல்லாம் இருக்குதாடா?"

"இருக்குது மாமா. உனக்கு?"

இருந்தது. எல்லாம் இருந்தது. இருசப்பன் தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். போன உயிர் திரும்பி வந்தது. அஞ்சம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் விழுந்தடித்து ஓடி வந்தாள். தம்பியின் தலையைத் தடவினாள். அடுத்து இருசப்பனின் ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவர் தலையையும் தடவினாள். அழுகையும் சிரிப்புமாக அவர் முதுகில் இரண்டு அறை வைத்தாள். அந்த அறை அவருக்குச் சுகமாக இருந்தது.

டிராக்டர் கட்டி வண்டியை வெளியே இழுத்தார்கள். பானெட்டைத் திறந்து கேபிளைப் பிடித்த இருசப்பன் கையை உதறினார். கொப்புளம் வரும் அளவுக்குச் சூடு. கேபிளின் மேல் தோல் உருகி வழிந்து, உள்ளே இருந்த கம்பியோடு ஒட்டியிருந்தது. ரேஸில் வண்டிகளைச் சோதிக்கிற வேலைக்கு வந்திருந்தவள் விஜயலட்சுமி. பக்கத்தில் இரும்பை கிராமத்துக்காரி, ஆரோவில்லில் சோலார் வயரிங் வேலை பார்க்கிறவள். அவள் கேபிளைப் பார்த்தாள், நேரே கீழே குனிந்து செம்புப் பட்டையைப் பார்த்தாள். போல்ட்டை அவிழ்த்துப் பட்டையைத் திருப்பினாள்.

"யாருண்ணே இதுல தார் பூசுனது?"

சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். அஞ்சம்மாளும் நின்றாள். காயலான் கடைக்காரன் மேல் பழியைப் போடலாம். ஷெட்டுக்கு வந்துபோகிற யார் மேலாவது போடலாம். அர்ச்சுனன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான், மாமாவைக் காட்டிக் கொடுக்க அவனுக்கு மனசில்லை. அதுதான் இருசப்பனைச் சுட்டது, கேபிளைவிட அதிகமாக.

"நான்தாம்மா. அவன் மூணு தடவ சொன்னான். நான் காதுல போட்டுக்கல."

சொல்லி முடித்ததும் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

விஜயலட்சுமி நிதானமாக விளக்கினாள். ஸ்டார்ட்டருக்குப் போகிற கரண்ட் இந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். தார் அதை அடைத்துவிட்டது. கரண்ட் வேறு வழி தேடி, எஞ்சினையும் பாடியையும் தொடுகிற இந்த ஒல்லி ஆக்சிலேட்டர் கேபிளில் புகுந்துவிட்டது. அது இத்தனை கரண்ட்டைத் தாங்குமா? கிளப்பக் கிளப்பச் சூடேறி, தோல் உருகிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"புரிஞ்சுதும்மா. வாய்க்கால அடைச்சா தண்ணி வரப்ப ஒடச்சிக்கினுதான போவும்" என்றார் இருசப்பன். அவள் சிரித்துவிட்டாள்.

பயந்த மாதிரி எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை, வெல்டிங்கில் ஒரு கீறல் இல்லை. உப்புத்தாள் வாங்கி இருசப்பனே உட்கார்ந்து தாரைச் சுரண்டினார். அடியில் இரும்பு வெள்ளி மாதிரி மின்னியது. முடுக்கின பிறகு வெளியே எது வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம், உள்ளே மட்டும் வேண்டாம் என்றாள் விஜயலட்சுமி. அவர் சரி என்று தலையாட்டினார். யாரிடமோ உதிரிக் கேபிள் இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் முனகாமல் ஒரே சுற்றில் பிடித்தது. சாயந்திரம் கடைசி ஓட்டத்தில் நாலு வண்டியில் மூன்றாவதாக வந்தார்கள். இருசப்பன் அதற்கும் உட்கார்ந்தார், யாரும் சொல்லாமலே.

வீட்டுக்குத் திரும்பும்போது முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் உடம்பிலும் சேறு. இரண்டு வாரமாக உள்ளே கிடந்ததை இருசப்பன் கேட்டே விட்டார்.

"எதுக்கு என்னையும் ஏத்தி உட்ட அஞ்சம்மா? உனக்கு தம்பி உசுருதான் பெருசு, இல்ல?"

அஞ்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ பக்கத்துல உக்காந்தா அவன் சொல்றது ஒரு தடவையாவது உன் காதுல உழும்னு நெனச்சேன். அது கூட நடக்கல. கயித்தப் புடிச்சிக்கினு நின்னப்ப, ரெண்டு பேரையும் நானே அனுப்பிட்டனேன்னு என் ஈரக்கொல நடுங்கிச்சு, தெரியுமா?"

இருசப்பன் தார் ஒட்டின விரல்களால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் கையை எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி கூனிமேட்டைத் தாண்டியது.

"மாமா," என்றான் அர்ச்சுனன், கொஞ்சம் தயங்கி. "பின்கதவு லொடலொடன்னு ஆடுற மாதிரி இருக்குது."

"வண்டிய ஓரங்கட்டுடா" என்றார் இருசப்பன். இறங்கிப் பின்னால் போனார். கதவைத் திறந்து, ஆட்டி, கீலில் காதை வைத்துக் கேட்டார்.