கஞ்சி கண்ட இறக்கை

எங்கள் பெரியப்பா அர்த்தநாரி, திருப்பூரில் பல்லடம் சாலையை ஒட்டிய வீட்டில் இரண்டு கைத்தறிகள் வைத்திருந்தவர். 1927இல் பிறந்து 1991இல் மறைந்தார். வேட்டியும் துண்டும் நெய்து பிழைத்த அவர், ஒரே ஒரு முறை ஆகாய விமானத்துக்குத் துணி நெய்தார். அதில் நேர்ந்த பிழை அவருடையது என்றே உறவினர் பலரும் இன்றுவரை சொல்கிறார்கள். பெரியம்மா பொன்னாத்தாள் அதை மறுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். ஆகவே எழுதுகிறேன்.

1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோயம்புத்தூரில் ஒரு சிறு பட்டறையில் இருவர் அமரும் இலகு விமானம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. உலோகத் தகடு அதில் மிகக் குறைவு. கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்து இறுகச் செய்து, உடலையும் இறக்கைகளையும் வார்த்தார்கள். விசைத்தறியின் வேகத்தில் கண்ணாடி நூல் நொறுங்கியதால், பொறியாளர் மணியன் கைத்தறி நெசவாளரைத் தேடிப் பெரியப்பாவிடம் வந்து சேர்ந்தார்.

"இதுக்கு வேண்டிய பூச்சை நூல் செய்யற எடத்துலயே போட்டுட்டாங்க. மேல எதுவும் படக்கூடாதுங்க."

"கஞ்சி?"

"கஞ்சி கூடவே கூடாதுங்க. பிசின் ஒட்டாது."

நெசவாளர் வீட்டில் அது எளிதில் ஏற்கக்கூடிய சொல் அன்று. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி பாய்ச்சினால்தான் அது அறாமல் ஓடும். அதற்கும் மேலாக, முருகன் பெயரைச் சொல்லிக் கஞ்சி தெளிக்காத பாவு தறியேறினால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. பெரியப்பா சற்று யோசித்துத்தான் சம்மதித்தார்.

முதல் பாவு விமானத்தின் வாலுக்கு. நூல் ஓயாமல் அறுந்தது. இழைத்தூள் விரல்களைக் கீறியது. சோற்றில் கை வைக்க முடியாமல் கரண்டியால் உண்டார். விமானத்தை ஓட்டிச் சோதிக்கவிருந்த ஆறுச்சாமி அந்நாள்களில் அடிக்கடி வருவார். சேவூரில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. தறிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பேசுவார்.

"ஏனுங்ணா, இதை நம்பித்தான் மேல போகப்போறேன். சல்லடையா நெய்துபோடாதீங்க."

"சல்லடையா இருந்தா நல்லாக் காத்து வருமல்ல, கண்ணு."

இரண்டாவது பாவு இறக்கைகளுக்கு. அதில் நூல் அறுபடவே இல்லை. "கை பழகிப்போச்சு" என்று பெரியப்பா தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். சித்திரையில் இறக்கைகள்மேல் மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்தார்கள். தாங்கின. கார்த்திகையில் பறப்பது என்று முடிவாயிற்று.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், பெரியப்பா பரணிலிருந்து தறியின் பழைய அச்சுக்கட்டை ஒன்றை எடுத்தார். கூடவே இறக்கைத் துணியில் மிஞ்சிய துண்டு விழுந்தது. அதில் கரப்பான் பூச்சிகள் மொய்த்திருந்தன. நூலின்மேல் இருந்த எதையோ அவை சுரண்டித் தின்றிருந்தன. வால் துணியின் மிச்சம் பக்கத்திலேயே கிடந்தது. அதை ஒரு பூச்சியும் தீண்டவில்லை. கண்ணாடியைப் பூச்சி தின்னாது என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏம்புள்ள, இதுல கஞ்சி பட்டுச்சா?"

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தார். "தானாப் படலீங்க. நாந்தான் போட்டேன். நீங்க பல்லடம் போயிருந்தப்ப."

"வேண்டாம்னு சொன்னாங்களே."

"உங்க வெரல் ரத்தம் பாவுல சொட்டுச்சுங்க. ஊட்டுக்கும் ஆகாதுன்னு பயம். வடிச்ச தண்ணிதானுங்க, கெட்டிகூட இல்லை."

பெரியப்பா அந்தத் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்தார். மூட்டைகளைத் தாங்கிய இறக்கைதான். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"நானும் வாறனுங்க."

"நீ வேண்டாம்."

பட்டறையில் மணியனும் ஆறுச்சாமியும் இருந்தார்கள். "இறக்கைப் பாவுக்குக் கஞ்சி போட்டுட்டேனுங்க" என்றார் பெரியப்பா.

"யாரு போட்டது?"

"நாந்தானுங்க."

மணியன் கோபப்படவில்லை. இறக்கை விளிம்பில் வெட்டி ஒதுக்கியிருந்த துண்டு ஒன்றைத் தேடியெடுத்து, தேநீர் அடுப்பில் கொதிநீரில் போட்டார். மூவரும் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்கள். நெடுநேரம் கழித்து எடுத்து, விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். வெங்காயத் தோல்போல அடுக்கு உரிந்து வந்தது.

"மூட்டை வெச்சது கோடையிலங்க. ஈரம் ஏறினா இப்படித்தான் பிரியும்" என்றார்.

ஆறுச்சாமி உரிந்த அடுக்கை வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்றே இறக்கைகளை அறுத்துப்போட்டார்கள். புதிய நூலை வேறு நெசவாளரிடம் கொடுப்பதாக மணியன் சொன்னபோது, ஆறுச்சாமி திரும்பி வந்தார்.

"அண்ணனுக்கே குடுங்க. இனி இவரைவிடப் பயந்து நெய்ய ஆள் கெடைக்காது."

மூன்றாவது பாவு கஞ்சியைக் காணவில்லை. நூல் அறும்போதெல்லாம் பெரியம்மா எதிரில் உட்கார்ந்து முனைகளைப் பிணைத்தார். அவர் விரல்களும் கீறின. புதிய இறக்கைகளை வார்த்து, துண்டுகளைக் கொதிநீரில் போட்டுப் பார்த்து, மறுபடி மூட்டை அடுக்கி முடிக்க மாசி ஆகிவிட்டது.

பறக்கும் நாளன்று இருவரையும் மைதானத்துக்கு அழைத்திருந்தார்கள். ஆறுச்சாமி ஏறும் முன், பெரியப்பா தடுப்பதற்குள் பெரியம்மா அவரிடம் போனார்.

"தம்பி, அன்னைக்குக் கஞ்சி போட்டது இவரில்லீங்க, நானு. அது தெரியாம நீங்க மேல போகக்கூடாது."

"அன்னைக்கே தெரியுமுங்க்கா. கஞ்சி காய்ச்சத் தெரிஞ்ச ஆம்பளைய நான் இன்னும் பாத்ததில்லை." பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "இந்தத் தடவை?"

பெரியப்பாவால் சிரிக்க முடியவில்லை. "இல்லீங்க" என்றார். தம்மைவிட இளையவரிடம் அவர் அப்படிப் பணிந்து பேசி யாரும் கேட்டதில்லை.

விமானம் எழுந்து, மைதானத்தை இருமுறை வட்டமிட்டு இறங்கியது. அது மேலே இருந்தவரை பெரியப்பா தலை நிமிரவில்லை. புல்லைப் பார்த்தபடி நின்றார். பெரியம்மாதான் இரண்டு இறக்கைகளையும் கண் எடுக்காமல் பார்த்து, "இருக்குதுங்க, ரெண்டும் இருக்குதுங்க" என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.