“இன்னைக்கு அவ்வளவா சரியில்லீங்க”

போன வாரம் குன்னூர் பஜாரில் ஒரு வேடிக்கை பார்த்தேன். காசு கொடுத்து வாங்க வந்த ஆளைக் கடைக்காரரே திருப்பி அனுப்பிவிட்டார். கோபத்தில் அல்ல... பணிவில்.

என் ஜவுளிக் கடைக்கு அடுத்த கடை காதர் பாயுடையது. புதிதாகத் திறந்த ரொட்டிக் கடை. தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்து ரொட்டி கேட்டார். காதர் பாய் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, “இன்னைக்கு அவ்வளவா சரியில்லீங்க” என்றார்.

குமாஸ்தா யோசித்தார். “அப்ப நாளைக்கு வந்து வாங்கிக்கறனுங்க பாய்.” போயே போய்விட்டார்.

நான் காலையில் அதே ரொட்டியைத்தான் டீயில் நனைத்துத் தின்றேன். அருமையாக இருந்தது. பின் எதற்கு இந்தப் பேச்சு?

காரணம் இருக்கிறது. காதர் பாய் மீசை அரும்பிய நாளிலிருந்து அது நரைக்கும்வரை ஒரு வெள்ளைக்காரத் துரையின் எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். பங்களாச் சமையல்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தட்டை மேஜைமேல் வைக்கும்போதே தன் சமையலைத் தானே மட்டம் தட்டிவிடுவார்கள். ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று சொல்லிவைத்து, துரைக்குப் பிடிக்காமல் போனால்? தொலைந்தது. ‘சரியாக வரவில்லை’ என்று முந்திக்கொண்டால், துரை ஒரு வாய் தின்றுவிட்டு ‘பரவாயில்லை’ என்பார். அன்றைய பாடு தீர்ந்தது. சலாம் போடுகிற மாதிரி அதுவும் ஒரு பழக்கம்.

அந்தத் துரை எஸ்டேட்டைக் கைமாற்றிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். புதுத் துரை தன் சமையல்காரரைக் கூடவே அழைத்து வந்துவிட்டார். காதர் பாய் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அவர் மனைவி ஜைத்தூன் கை வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அதில் வந்ததுதான் இந்தக் கடையும், பின்கட்டில் இருக்கும் அடுப்பும். கடை படுத்துவிட்டால், மேட்டுப்பாளையத்தில் காதர் பாயின் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். ஜைத்தூன் அதற்கு ஒருநாளும் சம்மதிக்கமாட்டார்.

சரி, வாடிக்கைக்காரர்களிடம் சொல்வதோடு நின்றதா? அதுவும் இல்லை. என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அடுப்புப் பக்கத்தில் காதர் பாய் தனியாகப் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும். “கெடுத்துட்டடா காதரு... கருக்கிட்டடா... உனக்கெங்கடா இதெல்லாம்...”

கருகிவிடும் என்ற பயத்தில் அடுப்பை நேரத்துக்கு முன்னாலேயே திறந்துவிடுவார். சில நாள் ரொட்டி நடுவில் வேகாமல் வந்துவிடும். “பாத்தீங்ளா, நாந்தான் சொன்னனே” என்பார் என்னிடம். அதில் ஒரு திருப்தி வேறு!

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ‘எனக்கு இங்கிலீஷ் வராது’, ‘நான் தொட்டது துலங்காது’, ‘இந்த மூஞ்சிக்கு இது போதும்’ – ஒரு நாளைக்கு எத்தனை சொல்லிக்கொள்கிறோம்? இதையே பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவோம். நாமே சொல்லிக்கொண்டால் மட்டும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த நிலைமையில்தான் ஒரு நல்ல சேதி வந்தது. மேட்டிலிருக்கும் போர்டிங் ஹவுஸுக்குத் தினமும் ரொட்டி வேண்டும். சனிக்கிழமை மானேஜரே வந்து ருசி பார்ப்பார். இந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால், மேட்டுப்பாளையம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் என் யோசனையைச் சொன்னேன். “மானேஜர் வந்தா, முதல்தரமான ரொட்டின்னு அடிச்சுச் சொல்லுங்க பாய்.”

காதர் பாய் சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவே இல்லை. “பொய் சொல்ற மாதர இருக்குதுங்க” என்றார்.

பின்கட்டுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஜைத்தூனின் குரல் வந்தது. “ஏனுங்க, மாவு பெசஞ்சது ஆரு?”

“நீதான்.”

“நீங்க சரியில்லைன்னு சொன்னா அது என்னையுந்தான சேருது? துரை கப்பலேறிப் போயிட்டாரு. இன்னும் ஆருக்குங்க பயந்துக்கறீங்க?”

காதர் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

ஜைத்தூன் குரல் தணிந்தது. “நல்லாருக்குதுன்னும் சொல்ல வேண்டாம், நல்லால்லைன்னும் சொல்ல வேண்டாமுங்க. உள்ளதச் சொல்லுங்க. ரொட்டி. காலைல சுட்டது. அவ்வளவுதான். அடுப்புக்கிட்ட நிக்கறப்பவும் அப்பிடித்தான். வெந்துதா, வேகலையா? அத மட்டும் பாருங்க.”

என் ‘முதல்தரத்தை’ நான் மெல்ல வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மானேஜர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. நான் துணி அளக்கும் கஜக்கோலும் கையுமாக என் கடை வாசலுக்கு வந்துவிட்டேன்.

“ரொட்டி எப்படி, பாய்?”

காதர் பாய் வாயைத் திறந்தார். “இன்னைக்கு...”

போச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“...காலைல சுட்டதுங்க.”

மானேஜர் பிய்த்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். “வெந்திருக்கு. உப்புதான் கொஞ்சம் குறைச்சல்.”

பழைய காதர் பாயாக இருந்தால் அந்த இடத்திலேயே ‘நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லீங்க’ என்று ஆரம்பித்திருப்பார். இப்போதும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் தானும் ஒரு துண்டு பிய்த்துத் தின்று பார்த்தார்.

“ஆமாங்க. நாளைக்கு உப்புக் கூடப் போட்டர்றனுங்க.”

“சரி, நாளையிலிருந்தே அனுப்பிவிடுங்க” என்று சொல்லிவிட்டு மானேஜர் குடையை விரித்தார். திரைக்குப் பின்னால் ஜைத்தூன் அழுவது எனக்குக் கேட்டது.

ஆள் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. இன்று காலையிலும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், “கெடுத்துட்டடா காதரு...” கேட்டது. அடுப்பைத் திறக்கிற சத்தம். பிறகு, “இல்ல, வெந்திருக்குது” என்றார்.

ரொட்டியில் உப்புக் குறைந்தால் உப்பைப் போட்டால் தீர்ந்தது... அதற்காகச் சுட்டவரையே ஏன் தூக்கி எறிய வேண்டும்?