அக்காவின் வண்டி குடித்த எண்ணெய்

காரின் திரையில் எரிந்த அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு, உண்மையில் ஓர் எண்ணெய்க் குவளையின் படம். மூக்கு நீண்டிருக்கும், நுனியில் ஒரு சொட்டு தொங்கும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது என் மகள் "சாமி" என்று கைகூப்பினாள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் ஓரகத்தி சிரித்துவிட்டு, "ஆமா கண்ணு, சாமிதான். மாசாமாசம் படையல் கேக்குது" என்றார். பின் இருக்கையில் இருந்த நானும் சிரித்தேன். ஆனால் அந்த விளக்கு எரிவதைப் பார்த்ததும் எனக்குள் உண்டான சந்தோஷம் வேறு வகையானது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டில், மாடியில் அவர்கள், கீழே மாமனாரும் நாங்களும். அக்காவின் கணவர், என் மூத்தார், காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கிறார். என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் பி.காம். முடித்து ஓர் ஆபீசில் இருந்தேன், குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். அக்கா பத்தாவதோடு நின்றவர். ஆனால் அந்தக் கறுப்பு வண்டியை, எங்கள் தெருவுக்குள் நுழையவே முடியாது என்று எல்லோரும் சொன்ன அந்தப் பெரிய வண்டியை, அவர்தான் ஓட்டுவார். தேர் முட்டுக்கட்டை போட்டுத் திரும்புவதைப் போல, முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, இரண்டு பக்கமும் கையகலம் விட்டு நிறுத்துவார். அதைப் பார்க்கவே பெண்கள் வாசலுக்கு வருவார்கள். நானும் பார்ப்பேன். பார்த்துவிட்டு உள்ளே போய், படித்தவள் நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். என் மடியில் ஒரு மணி நேரம் ஆட்டியும் தூங்காத குழந்தை, அந்த வண்டி கிளம்பி சங்கர மடம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். அதற்காகவும் எனக்கு அந்த வண்டிமேல் கோபம்.

சென்னையில் ஒரு டாக்டரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கிய வண்டி அது. பளபளப்பு குறையவில்லை, வாரண்டியும் ஒரு வருடத்துக்கு மேல் மிச்சமிருந்தது. ஆனால் எண்ணெய் குடித்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகாது, புகையும் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் மாதம் பிறந்தால் விளக்கு எரியும், ஒரு லிட்டர் ஊற்றச் சொல்லும். எண்ணெயைத் தொட்டு அளந்து பார்க்கும் குச்சிகூட அதில் இல்லை. திரை சொல்வதை நம்ப வேண்டியதுதான். டிக்கியில் குழந்தையின் பைக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் எண்ணெய் டப்பாவும் புனலும் இருக்கும். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே ஊற்றுவார். "நம்ப மூணு தறி ஜக்கார்டு பொட்டிக்கும் வருசம் பூரா வுடுற எண்ணெய இது ஒரு மாசத்துல குடிச்சிடுதேம்மா" என்பார் மாமனார். நான் பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்வேன். கணவரின் பழைய பைக்கில், மழையில், குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு தடுப்பூசிக்குப் போய் வந்தவள் நான். விலை உயர்ந்த ஒன்றுக்கு இப்படி ஒரு தீராத வியாதி இருப்பது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றும். இப்படி நினைப்பது குழந்தைக்கு ஆகாதோ என்று உடனே பயமும் வரும்.

சர்வீஸ் சென்டரில் முதலில், இந்த இன்ஜின் கொஞ்சம் எண்ணெய் எடுக்கத்தான் செய்யும் என்றார்களாம். அக்கா விடவில்லை. கடைசியில் ஒரு பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். எண்ணெயை நிரப்பி, ஊற்றும் மூடியின் மேலும் அதன் விளிம்பின் மேலும் சேர்ந்தாற்போல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டு அனுப்புவார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வர வேண்டும். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் கோடு கலைந்துவிடும், பரிசோதனை செல்லாது. எண்ணெய் அளவுக்கு மேல் குறைந்திருந்தால் இன்ஜினைப் பிரித்து இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். வாரண்டி அந்த மாதக் கடைசியில் முடிகிறது. கையில் இருந்தது மூன்றே வாரம்.

நான்கு ராஜ வீதிகளை அதிகம் தாண்டாத வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். கடையை மூத்தாரிடம் விட்டுவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா கிளம்பிவிடுவார். என்னையும் குழந்தையையும் கூட்டிக்கொள்வார். திருமுக்கூடல் வரை போய் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். தாமல் ஏரிக்கரையில் நிறுத்தி வெள்ளரிக்காய் தின்போம். திருப்பருத்திக்குன்றம் பக்கத்திலேயே இருப்பதால் அதை மூன்று சுற்று சுற்றினோம். காரணமே இல்லாமல் ஊர் சுற்றியது என் வாழ்க்கையில் அந்த மூன்று வாரம்தான். ஒருநாள் ஏரிக்கரையில் அக்கா இறங்கி, "நீ ஒக்காரு, ஓட்டிப் பாரு. நான் பாப்பாவ வெச்சிக்கினு இருக்கேன்" என்றார். வேண்டாம் என்றேன். உள்ளே அவ்வளவு ஆசை. ஆனால் அவர் கொடுத்து நான் வாங்குவதா என்றிருந்தது. எண்ணூறு கிலோமீட்டரில் விளக்கு எரிந்தது. "எரி, நல்லா எரி" என்று அக்கா ஸ்டீயரிங்கைத் தட்டிக் கொடுத்தார்.

ஆயிரம் முடிந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. கடையில் தீபாவளி வியாபாரம், அக்கா காலையிலேயே போய்விட்டார். எங்கள் வீட்டில் பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைப்பது சின்ன மருமகள் வேலை. தறி, கிரைண்டர், தையல் மிஷின், பைக் எல்லாம் முடித்து வண்டிக்கு வந்தேன். பானட்டைத் திறக்காமல் வெளியே மட்டும் வை என்று அக்கா சொல்லியிருந்தார். மாமனார் வாசலில் நின்று, "இன்ஜினுக்கு வெக்காம சக்கரத்துக்கு வெச்சா அது என்னாம்மா பூஜை? போன வருசம் தொறந்துதான வெச்சீங்க" என்றார். மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. திறந்தேன். உள்ளே தூசி. பைக்குக்கு வைத்திருந்த, பெட்ரோலில் நனைத்த துணி கையில் இருந்தது. மூடியின் ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்து ஏதோ ஒட்டியிருந்தது. போன வருடத்துச் சந்தனம் என்று நினைத்துத் துடைத்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பொருளில் பழைய சந்தனம் இல்லை? துடைத்த இடத்திலேயே புதிய சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன்.

அப்படித்தான் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் துணியை வைப்பதற்கு முன் என் கை ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் என்ன நினைத்தேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

சர்வீஸ் சென்டரில் கோடு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஆயிரம் ஓட்ட நாளில்லை. அன்று சாயங்காலம் கூடத்தில் எல்லோர் முன்னாலும் மூத்தார் கேட்டார், யார் தொட்டது என்று. மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நான்தான் தொட்டிருப்பேன். ஞாபகமில்ல" என்றார். அன்று ஆரம்பித்தது. பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி, ஒரு கோட்டைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால், கடை ஆட்கள் முன்னால், மூன்று வாரம் மூத்தாரின் பேச்சு. வண்டியை விற்க ஆள் பார்த்தார்கள். நான் விரும்பியது கண்முன் நடந்தது. ஆனால் குழந்தைக்கு ஜுரம் வந்தால்கூட என் பாவம்தான் என்று தோன்றியது.

வண்டி போவதற்கு முதல்நாள் மாடிக்குப் போய், நான்தான் துடைத்தேன் என்று சொன்னேன். அக்கா புடவை மடித்துக்கொண்டிருந்தார். "தெரியும். மூடி மேல சந்தனம் இருந்துச்சே. நடுவுல அவ்ளோ சின்னதா குங்குமம் நம்ப வூட்ல வேற யாரு வெக்கிறாங்க?" என்றார். பிறகு நிமிர்ந்து, "தெரிஞ்சி செஞ்சியா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா" என்றேன். அதுதான் உண்மை.

அவர் புடவையின் ஓரத்தை நீவி மடித்து வைத்தார். "சரி. அவருகிட்ட நீயே போய் சொல்லு" என்றார்.

மறுநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வழியெல்லாம் என்னென்ன திட்டுவார் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் போனேன். சொன்னேன். மூத்தார் முழுவதும் கேட்டார். பிறகு, "வுடுமா. சின்னக் கொழந்தைய வெச்சிக்கினு நீ எத்தினிதான் பாப்ப? தெரியாம பண்ணிட்ட" என்று சொல்லிவிட்டு, கடை ஆளிடம் குழந்தைக்கு பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார். அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் பாயில் அக்கா ஒரு கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. மூத்தார் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா அடுத்த புடவையை எடுத்து உதறி விரித்தார். அத்தனை வருடத்தில் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமே இல்லாமல் போன நாள் அது. எனக்கு அது நிம்மதியாக இல்லை.

மத்தியானம் வண்டி போய்விட்டது.

இப்போது எங்களிடம் ஒரு சின்ன கார் இருக்கிறது. நான்தான் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குச்சியை உருவி எண்ணெய் பார்க்கிறேன். ஒரு சொட்டுகூடக் குறைவதில்லை. போன மாதம் அக்காவைக் கடையில் விடப் போனபோது வண்டியை ஓரமாக நிறுத்தி, நீங்கள் ஓட்டுகிறீர்களா என்று கேட்டேன். தெரு காலியாக இருந்தது. ஸ்டீயரிங்கை அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"வேணாம்மா. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நீ சொன்னா கேட்டுக்குவாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க" என்றார்.