மூன்று கோட்டைகளும் ஒரு மாப்பிள்ளையும்

எண்ணூரில் கோட்டை உண்டு என்று சொன்னால் எண்ணூர்க்காரர்களே சிரிப்பார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் அங்கே மூன்று கோட்டைகளைச் சுற்றிக் காட்டியவள் நான். அதுவும் ஒரே மாலையில்.

அந்த வருடம் பள்ளியில் எங்களைச் செஞ்சிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே கையில் பிரம்புடன் ஒரு வழிகாட்டி வந்தார். இடிந்த சுவரைப் பிரம்பால் ஒரு தட்டு தட்டுவார். உடனே அதிலிருந்து ராணி, யானை, சுரங்கப்பாதை எல்லாம் முளைத்துவிடும். ஊர் திரும்பியதும் எனக்கு வேறு எந்த விளையாட்டும் பிடிக்கவில்லை. ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு கோட்டை தேடிப் புறப்பட்டேன். கிடைத்தது. கடலோரத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று கூரை இல்லாமல் நின்றது. அலையைத் தடுக்கக் கடலில் கொட்டுவதற்காக லாரி லாரியாக வந்த பாறைகள் அதைச் சுற்றி வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. எங்களுக்கு அது கல்மேடு.

அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மூன்றாமவர் ராயபுரம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பெற்றோருடன் வந்தார். அவருடைய அம்மா உட்காரும்போதே சொல்லிவிட்டார்: “அஞ்சரை ரயிலுக்கு முன்னாடி ஆமா இல்லன்னு சொல்லிடுங்க. இஸ்துகினே போற வேல நமக்கு ஆவாது.”

அத்தை சமையலறைக்கு வந்தாள். “பஜ்ஜித் தட்ட நீட்டிகினு ஒருத்தர் மூஞ்சியப் பாத்தா இன்னா தெரியும் அண்ணி? கொஞ்சம் பேசணும்.”

எங்கள் பக்கத்தில் அதற்கும் ஒரு வழி இருந்தது. பெண்ணும் பையனும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம். கூட ஒரு பிள்ளை போகவேண்டும். போன தெரு வழியே திரும்பக்கூடாது. ஒரு தடவை பார்த்தால் விருந்தாளி என்பார்கள். இரண்டாம் தடவை பார்த்தால் வேறு பெயர் வைத்துவிடுவார்கள். ஆகவே சுற்றுப்பாதை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அம்மா என்னைப் பார்த்தாள்.

“கடலோரமாப் போயி, கல்மேட்டச் சுத்தி, மாதா கோயில் பக்கமா வந்துடணும். அரை மணி நேரம். ரெண்டு பேருக்கும் நடுவுல நட.”

நடுவில் நடக்கிற வழிகாட்டி உலகத்தில் உண்டா? ஒட்டடைக் கம்புடன் முன்னால் நடந்தேன்.

மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையும் அன்றைக்கென்று வாங்கிய கறுப்பு ஷூவும் போட்டிருந்தார். ஷூ அடிக்கு ஒருமுறை கீச்சிட்டது. கல்மேட்டுக்குள் நுழைந்ததும் சிலேட்டுக்கல்லைக் கம்பால் தட்டினேன். ஒரு பக்கம் அறுத்தது போலத் தட்டையான பாறை. அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் அதன்மேல் மாவாகப் படிந்திருக்கும், விரலால் எழுதலாம். “இங்கே பாருங்கள். இது ராணி எழுதிப் பழகிய சிலேட்டு” என்றேன். வழிகாட்டும்போது நான் சுத்தத் தமிழ்தான் பேசுவேன்.

அவர் ராணியைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அத்தை கேட்ட முதல் கேள்விக்குப் பதிலாக அதில் கிரேன் படம் போட்டுக்கொண்டிருந்தார். “அவ்ளோ ஒசரத்துல ஒண்டியா குந்திகினு கீறது பயமா இல்லியா?” என்று அத்தை கேட்டிருந்தாள்.

“பயம் இல்ல. போரு. பேச்சுத்துணைக்குக் காக்காதான்.”

கம்பைப் பலமாகத் தட்டி இருவரையும் கோட்டைக்கு ஓட்டிப்போனேன். எதிரிகள் சூழ்ந்தபோது ராணி ராயபுரம் வரை சுரங்கத்தில் தப்பியோடினாள் என்றேன்.

“எங்க வூட்டாண்ட எங்கியாவது வெளிய வந்தாங்களா, கைடம்மா?”

“குறுக்கே பேசக்கூடாது.”

கோட்டை முடிந்தது. இரண்டு குவியல்களுக்கு நடுவே உள்ள சந்தில் நுழைந்தால் மாதா கோயில். போய்ப் பார்த்தால் சந்தைக் காணோம். காலையில் எவனோ புது லோடை அதன்மேலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். வந்த வழியே திரும்பினால் அம்மா தோலை உரிப்பாள். வழி தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதில் செஞ்சி வழிகாட்டி மலையிலிருந்தே குதித்திருப்பார். தலையை நிமிர்த்தி இடது பக்கம் திரும்பினேன். இன்னும் இடது. கொஞ்ச நேரத்தில் எதிரே சிலேட்டுக்கல், அதில் கிரேன்.

ஓடிப்போய்ப் பாவாடையால் துடைத்தேன். அவர்கள் வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்க அறிவித்தேன்: “அடுத்து நாம் பார்க்கப்போவது இரண்டாவது கோட்டை. ராணியின் தங்கை கட்டியது.”

அத்தை முந்தானையைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை சுவரை மேலும் கீழும் பார்த்தார். “தங்கச்சி கோட்ட கொஞ்சம் சின்னதுதான்.”

“ஆமாம். அவளுக்கு வசதி குறைவு.”

கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்த கல்மேட்டு வாட்ச்மேன்தான் காரியத்தைக் கெடுக்க வந்தார். “இன்னாபா, கோயில சுத்துற மாதிரி சுத்திகினு கீறீங்க? வழி அந்தாண்ட கீது.” என் உயிர் போயிற்று. மாப்பிள்ளை அவரிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். வாட்ச்மேன், “அதானா சேதி” என்று டிரம்மோடு கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மாதாவே காப்பாற்றினாள் என்று நினைத்தேன்.

சந்து தேடி நான் முன்னால் ஓடி ஓடிப் பார்த்தேன். இல்லை. மறுபடி சிலேட்டுக்கல்லுக்கே வந்தபோது அதில் மறுபடி கிரேன் இருந்தது. இந்தத் தடவை கிரேன் அறைக்குள் நீளச் சடையோடு ஒரு பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். யார் வரைந்தது என்று விசாரிக்க நேரமில்லை. துடைத்தேன். மூன்றாவது கோட்டையைக் கடைசித் தங்கைக்குக் கொடுத்தேன். கதை தீர்ந்துபோனதால் அவளுக்கு மஞ்சள் காமாலை வரவழைத்தேன். அத்தை பாறைமேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், இளகிய மனசு. மாப்பிள்ளை ஷூவைக் கழற்றிக் கைக்கொன்றாகப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகியிருந்தது.

“பாப்பா, ரயிலுக்கு நேரமாவுது” என்றாள் அத்தை.

உடனே மாப்பிள்ளை எழுந்து நேராக நடந்தார். இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டுவண்டி போகிற அளவுக்கு வழி இருந்தது. அந்தப்பக்கம் மாதா கோயில். “இதுதான் சுரங்கப்பாதை” என்று அவசரமாகச் சொன்னேன். மேலே வெறும் வானம். ஆனாலும் அவர் குனிந்து நடந்தார்.

வாசலில் அவருடைய அம்மா கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். மணி ஐந்து தாண்டியிருந்தது. என் அம்மா பார்த்த பார்வையில் நான் பாதி வெந்தேன். அத்தை நேரே உள்ளே போய், “சரி அண்ணி” என்றாள். அவ்வளவுதான். வீடே கலகலப்பாகிவிட்டது.

“அப்டி எங்க போனீங்க?” என்று அப்பா கேட்டார்.

“மூணு கோட்ட அண்ணே. பாத்து முடிக்க வேணாமா?”

“மூணா? அங்க ஒரே ஒரு ஒடஞ்ச சொவருதான கீது.”

மாப்பிள்ளை விரல்விட்டு எண்ணினார். “அக்கா கோட்ட, தங்கச்சி கோட்ட, கடசித் தங்கச்சி கோட்ட. அதுக்குக் காமால.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தையின் வாழ்க்கை. தெரிந்த உண்மையை மறைப்பது பாவம். அம்மாவைச் சமையலறை மூலைக்கு இழுத்துப்போனேன்.

“அம்மா, இந்த மாப்பிள்ள வேணாம். ஒரே எடத்த மூணு தபா காட்டனேன். அவருக்கு ஒண்ணுமே தெரியல. அத்தைக்கும் தெரியல. ரெண்டு பேருமே இப்டி இருந்தா குடும்பம் எப்டிமா நடக்கும்?”

அம்மா ஒரு முழு லட்டை என் வாயில் திணித்தாள். அதை மென்றபடியே அவர்கள் இரண்டு பேருக்காகவும் அழுதேன்.