அழாத பிள்ளை

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சொல்லிவைத்த மகராசர்கள் யாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். விடியற்காலையில் பெரட்டில் ஆளெண்ணி வேலை பிரித்து முடிந்ததும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலையேறுவார்கள். நீளமான ஓர் அறை, வரிசையாகச் சாக்குத் தொட்டில்கள், அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஆயா. அந்த ஆயா பேச்சியம்மா கொடுமைக்காரி அல்ல. இரண்டு கையை வைத்துக்கொண்டு அவள்தான் எந்தத் தொட்டிலை ஆட்டுவாள்?

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்த பூரணி, தன் மகன் அழகனை அங்கே விட்டபோது அவனுக்குத் தலைகூட நிற்கவில்லை. அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். கீழ்மலையில் கொழுந்தெடுப்பவர்கள் நடுவில் ஒரு தடவை ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். பூரணிக்குக் கிடைத்ததோ உச்சிமலை நிரை. இறங்கி ஏறினால் அரை நாள் போய்விடும் என்று கங்காணி விடவில்லை. பால் கட்டி, ரவிக்கை நனைந்து, குளிரில் விறைத்துப்போகும்.

அழகன் முதலில் தொண்டை கட்டும்வரை கத்தினான். சில வாரங்களில் சத்தம் நின்றது.

"ஒம் புள்ள தங்கம் பூரணி! போட்ட எடத்துல கெடக்கு. ஒரு தொல்லையில்ல" என்றாள் பேச்சியம்மா.

வரிசை வீடுகளாய்க் குடியிருந்த லயமே அதைச் சொன்னது. பூரணிக்குத் தலைகால் புரியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊர்க்கண் பட்டுவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். பாவி மகள், எதற்குப் போய்த் திருஷ்டி கழித்தாள்! அது நல்ல குணமல்ல. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வராததால் குழந்தை விட்டுவிட்டது. அன்றைக்கு அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

நடக்கும் வயது வந்தது. சாயங்காலம் மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டு அழும். அழகன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பேச்சும் சுணங்கியது. ஒருநாள் துணி விற்க வந்தவர் கையை நீட்ட, அவரோடு அடுத்த லயம்வரை போய்விட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூரணி ஓடிப்போய் அவனைத் தூக்கி வந்தாள்.

"ஆத்தான்னு என்னய இவனுக்குத் தெரியலையா?" என்று பேச்சியம்மாவிடம் கேட்டாள்.

"வளந்தா எல்லாம் சரியாப் போயிரும்டி."

அவன் வளர்ந்தான். பூரணி பணியாரம் சுட்டுக் கொடுத்தாள், மடியில் வைத்துக் கதை சொன்னாள். தின்றான், கேட்டான். தானாக ஒருநாளும் அவளிடம் வரவில்லை.

ஐந்து வயதில், குளிப்பாட்டும்போது, அவன் பாதத்தில் பெரிய தீக்கொப்புளம் உடைந்து நீர் வடிவதைக் கண்டாள்.

"எப்படா சுட்டுச்சு?"

"நேத்து. கொள்ளிய மிதிச்சிட்டேன்."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நாள் முழுக்க அவள் அடுப்பிருக்கும் அதே லயத்து அறையில்தான் இருந்தாள்.

"அம்மாவ ஏன்டா கூப்பிடல?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. தெரியாததைக் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"கூப்பிட்டா வருவியா?"

பூரணி அவனை ஈரத்தோடு அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, லயமே கேட்கும்படி அழுதாள். அவன் திமிறவும் இல்லை, அவள்மேல் சாயவும் இல்லை.